புங்குடுதீவில் நான் அழித்த கணினி

நான் கதை எழுதுகிறவன் இல்லை. ஊர்காவற்றுறையில் சின்னதாக ஒரு கணினித் திருத்தகம் வைத்திருக்கிறேன். பெயர் சுதாகரன். வயது நாற்பத்தொன்று. கீழே இருப்பது எனக்கு நடந்தது. எந்த வேலையை எடுத்தாலும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துவைப்பது என் பழக்கம். அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நேரங்களில் பிழை இருக்காது.

ஒருவருடைய பெயரையும் நான் மாற்றவில்லை. தன் பெயரை மாற்றிப் போடச் சொல்லி ஒருவன் செய்தி அனுப்பினான். அவனுடைய பெயரையும் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேய் என்றால் இரவில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்காதீர்கள். இது நடந்தது பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில். வெளியே நல்ல வெயில்.

கிருபானந்தன் என்னோடு ஒன்றாகப் படித்தவன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கிளாலிக் கடலைப் படகில் கடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அலையில் படகு சரிந்து நான் பாதி உடம்போடு வெளியே போய்விட்டேன். என் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கரை வரும்வரை விடாமல் இருந்தவன் கிருபா. அவனுக்கும் அப்போது பதினொரு வயதுதான். பிறகு அவன் சுவிஸுக்குப் போனான். நான் இங்கேயே நின்றேன். ஆனாலும் அவன் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்ன ஒரு காரியம் கிடையாது.

2017இல் ஊருக்கு வந்து கல்யாணம் செய்தான். பெண் முழங்காவில். பெயர் சிவானி. ஒரு மாதம் நின்றுவிட்டு அவன் திரும்பிப் போனான். விசா வரும்வரை சிவானி புங்குடுதீவு வீட்டில் மாமியாரோடு இருந்தாள். அவர்கள் முகம் பார்த்துப் பேசவேண்டும் என்று ஒரு பழைய கணினியை வாங்கி அந்த வீட்டில் பூட்டிக் கொடுத்ததும், அதை எப்படி இயக்குவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். அன்றிலிருந்து அவள் என்னைச் சுதா அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள்.

2022 தை மாதம் கிருபா சொன்னான், விசா கிடைத்து சிவானி தன்னிடம் வந்துவிட்டாள் என்று. சந்தோஷப்பட்டேன். போகும்போது ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாளே என்று ஒரு சின்ன மனக்குறையும் இருந்தது.

2023 ஒக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை. கிருபா தொலைபேசியில் ஒரு உதவி கேட்டான்.

"மச்சான், வீட்டைக் கோயில் ஆக்களுக்குக் குடுக்கப் போறம். அந்தக் கொம்பியூட்டரைப் பாலர் பாடசாலைக்குக் குடுக்கலாம். நீ போய் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு புதுசா ஒரு சிஸ்டம் போட்டுவிடு."

"சரி. படங்கள் ஏதும் இருந்தால் எடுத்து வைக்கட்டோ?"

"ஒண்டும் வேண்டாம். எல்லாம் எங்களிட்டை இருக்கு. நீ திறந்தும் பாக்காதை. திருப்பி எடுக்க ஏலாத மாதிரி முழுக்க அழி."

வங்கி விபரம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தக் கணினியின் யூ.எஸ்.பி. துவாரங்கள் எல்லாம் உப்புக் காற்றில் கறள் பிடித்து எப்போதோ செத்துவிட்டன. தீவுப்பக்கத்தில் இது வழமை. ஆகவே பென் டிரைவ் சரிவராது. பழைய முறைப்படி ஒரு டிஸ்கில் சிஸ்டத்தை எழுதி, அதைத்தான் பேர்ன் பண்ணுவது என்போம், அந்த டிஸ்கிலிருந்தே மெஷினை எழுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை கடையில் வைத்து, அவசரப்படாமல் ஆகக் குறைந்த வேகத்தில் பேர்ன் பண்ணினேன். சரிபார்த்தேன். கடையில் இருந்த வேறொரு மெஷினில் போட்டுப் பார்த்தேன். உடனே எழும்பியது. ஒரு குறையும் இல்லை. இருந்தும் கைகாவலாக வெற்று டிஸ்க் நான்கு எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன். வேலணையால் போய், பாலம் கடந்து, புங்குடுதீவுச் சந்திக்குப் போனபோது 11.10. வீட்டுப் பூட்டின் திறப்பு அங்கே பெட்டிக்கடை வைத்திருக்கும் கதிர்காமுவிடம் இருந்தது. ஐம்பது வயது மனிதர். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம். ரெண்டு மணித்தியால வேலை தானே."

அவர் திறப்பை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"நானும் வந்திருப்பன். கடையை விட்டிட்டு வர ஏலாது," என்றார். கடையில் ஒருவரும் இல்லை.

வீடு ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் கூரை இல்லாத வீடுகள். பூட்டு லேசாகத் திறந்தது. கதவும் தள்ளியவுடன் திறந்தது. உள்ளே நிலம் முழுக்க மெல்லிய மணல் தூசி படிந்து கிடந்தது. பின்கதவை மாமியார் காலத்திலேயே கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். யன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு, மெயின் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இருந்தது.

11.35. கணினியைப் போட்டேன்.

திரையின் பின்னணியில் கல்யாணப் படம். கிருபாவும் சிவானியும். கிருபா சிரிக்கிறான். திரையின் மூலையில் நேரம் 11.36 என்று காட்டியது. என் கைத்தொலைபேசியிலும் 11.36.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்தது. இரண்டு வருடம் கரண்ட் இல்லாமல் கிடந்த மெஷின். உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்திருக்க வேண்டும். செத்தால் நேரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். இது நிமிடம் பிசகாமல் காட்டுகிறது. சில பற்றரிகள் நீண்ட நாள் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

11.52. டிஸ்கைப் போட்டு மெஷினை மறுபடி எழுப்பினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எழும்பக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லை என்றது. டிஸ்க் வைக்கும் தட்டு தானாகவே வெளியே வந்தது.

திரும்பத் தள்ளினேன். திரும்பவும் அதே எழுத்து. திரும்பவும் தட்டு வெளியே வந்தது.

டிஸ்கை எடுத்து என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மெஷினில் போட்டால் இல்லை என்கிறது. வேறு டிஸ்க் பேர்ன் பண்ணுவோம் என்று மடிக்கணினியிலேயே தொடங்கினேன். அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது. இன்னொரு டிஸ்க். அதுவும் அறுபத்து மூன்றில் நின்றது.

பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். டிஸ்க் பழுதாகும். ஆனால் இரண்டு டிஸ்க் ஒரே இடத்தில் பழுதாகி நான் கண்டதில்லை.

12.24.

"சுதா அண்ணை."

திரும்பினேன். அடுப்படிக் குசினி வாசலுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் இருட்டாக இருந்த இடத்தில், சிவானி நின்றாள்.

நான் பயப்படவில்லை. இதை நம்புங்கள். அந்த நேரம் எனக்கு வந்தது ஆச்சரியம் மட்டும்தான். நீல நிறத்தில் பூப்போட்ட சட்டை. தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். மற்றப்படி அதே சிவானி.

"நீர் சுவிஸிலை எல்லோ?"

"இல்லை அண்ணை. நான் போகேல்லை."

"கிருபா அப்பிடித் தானே சொன்னவன்."

மேசையில் கிடந்த டிஸ்குகளைப் பார்த்தாள்.

"என்ன செய்யிறியள்?"

"புது சிஸ்டம் போடப் போறன்."

"அப்ப உள்ளுக்கை கிடக்கிறது?"

"அழியும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என்ரை கல்யாணப் படம் முழுக்க அதுக்கை தான் அண்ணை இருக்கு. அல்பத்தை மச்சாள் கொண்டு போயிட்டா. எனக்கு வேறை ஒண்டும் இல்லை."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எல்லாம் எங்களிடம் இருக்கிறது என்றுதானே கிருபா சொன்னான்.

"பறவாயில்லை. என்னட்டை இன்னும் ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்டிலை எல்லாத்தையும் கொப்பி பண்ணித் தாறன். பிறகு தான் அழிப்பன்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

"நீங்கள் சொன்னால் சரி அண்ணை," என்றாள். "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

உள்ளே போனாள். பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வேலிக் கரையில் பூவரச மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் வந்தது.

12.41. கிருபாவுக்கு எடுத்தேன். அங்கே காலை ஒன்பது மணி.

"டேய், சிவானி இஞ்சை நிக்கிறா. நீ எனக்கு என்ன கதை சொன்னனீ?"

ஆர் என்று அவன் கேட்கவில்லை. அதெப்படி என்றும் கேட்கவில்லை. இதைப் பிறகுதான் நான் யோசித்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னவள்?" என்றான் கடைசியாக.

"தன்ரை கல்யாணப் படத்தைக் கொப்பி பண்ணித் தரட்டாம்."

"குடுக்காதை."

"ஏன்ரா?"

"மச்சான், அவளுக்கு மனம் சரியில்லை. என்னோடை கோவிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாள். அந்தப் படங்கள் வெளியிலை வந்தால் இஞ்சை என்ரை பேப்பர் எல்லாம் போயிடும். நான் இஞ்சை வேறை மாதிரிப் பதிஞ்சிருக்கிறன். என்ரை பிள்ளையை நினைச்சுப் பார்."

"பிள்ளையோ? ஆற்றை பிள்ளை?"

அந்தப் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. ஒரு பெண்குரல் அதைச் சமாதானப்படுத்தியது. எனக்குத் தெரியாத குரல்.

நான் போனை வைக்கப் போனேன். அப்போது சொன்னான்.

"சுதா. கிளாலியிலை நான் உன்னைக் கைவிட்டனானோ?"

முப்பது வருடத்தில் ஒருநாளும் அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறை.

12.58க்குத் திரும்பி உள்ளே வந்தேன். குசினியில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதிரையில் இருந்தேன். ஒரு படத்தையும் கொப்பி பண்ணவில்லை. வெற்று டிஸ்க் இரண்டும் உறைக்குள்ளேயே கிடந்தன. அப்படியே பத்து நிமிடம் இருந்திருப்பேன்.

"அண்ணை, கொப்பி பண்ணிட்டியளோ?" குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு சொல்தான் சொன்னேன்.

1.10. முதலில் கொண்டுவந்த டிஸ்கையே தட்டில் வைத்தேன். தட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மெஷின் அந்த நொடியே எழும்பியது. அதே டிஸ்க். அதே மெஷின். ஒரு தடங்கலும் இல்லை.

நான் ஓம் என்ற பிறகுதான் அது எழும்பியது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

புது சிஸ்டம் போடுவதற்கு முதல் ஹார்ட் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதி அழிக்கக் கொடுத்தேன். அப்படி அழித்தால் பிறகு எந்தக் கொம்பனாலும் ஒன்றையும் மீட்க முடியாது. நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

1.14. ஒரு சதவீதம்.

1.25. இருபத்தேழு.

தேநீர் வரவில்லை.

1.31. நாற்பத்திரண்டு. குசினியில் சத்தம் நின்றது. மெல்ல மெல்லக் குறையவில்லை. வானொலியை நிறுத்தினால் எப்படியோ அப்படி நின்றது.

"சிவானி?"

எழும்பிப் போனேன். குசினி வாசலில் நின்றேன். உள்ளே போக முடியவில்லை.

வாசலின் குறுக்கே சிலந்திவலை. நிலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை. என் நெஞ்சு உயரத்தில். தூசி படிந்த பழைய வலை. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

வலைக்கு அந்தப் பக்கம் அடுப்பு தெரிந்தது. அடுப்புக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பாத்திரம் ஒன்றும் இல்லை. ஒரு குவளைகூட இல்லை.

நிலத்தைப் பார்த்தேன்.

தூசியில் காலடிகள். கதவிலிருந்து மேசைக்கு. மேசையிலிருந்து முற்றத்துக்கு. திரும்பவும் மேசைக்கு. இப்போது குசினி வாசல்வரை.

எல்லாம் என்னுடைய காலடிகள்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்த வீடு வெளியே பூட்டியிருந்தது... பூட்டைத் திறந்தவன் நான்.

1.38. ஐம்பத்தெட்டு.

வயரை இழுத்திருக்கலாம். இழுத்திருந்தால் மிச்சம் தப்பியிருக்கும். பயத்தில் கை போகவில்லை என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. அழிந்து முடியட்டும் என்றுதான் நான் நினைத்தேன். முடிந்தால் இது என் வேலை இல்லை. கிருபாவுக்கு நான் பட்ட கடன் தீர்ந்துவிடும்...

1.51. தொண்ணூறு. தட்டு வெளியே வந்தது.

ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்கை மெஷின் வெளியே விடாது. பூட்டி வைத்துக்கொள்ளும்.

தட்டு மூடியது. திறந்தது. மூடியது.

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

1.54. சத்தம் நின்றது.

ஸ்பீக்கரில் மணி அடித்தது.

வீடியோ அழைப்பு மணி. நான்தான் அந்த மெஷினில் போட்டுக் கொடுத்தது. மற்றப் பக்கம் எடுக்கும்வரை நமக்குக் கேட்குமே, அந்த மணி.

மெஷினில் இன்ரநெற் இல்லை. சிஸ்டமே இல்லை. அடிக்க ஒன்றுமில்லை.

அடித்தது.

எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. ஏழு... எட்டு... ஒன்பது...

திரையின் கறுப்பில் என் முகம் தெரிந்தது.

என் தோளுக்குப் பின்னால் நீலச் சட்டை.

நான் திரும்பவில்லை.

பதினெட்டு... பத்தொன்பது...

மணி நின்றது.

காதுக்குப் பக்கத்தில், மிகவும் பொறுமையாக:

"அவர் எடுக்க மாட்டார், அண்ணை."

திரையில் நூறு.

பிறகு ஒரு மூச்சு நேரம்.

"நீங்களும் தானோ."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. மடிக்கணினியை எடுத்தேன். கதவைச் சாத்தினேனா என்று நினைவில்லை. மோட்டார் சைக்கிளில் சந்திக்கு வந்தபோது 2.02. கதிர்காமு திறப்பை வாங்கினார். என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறந்து கையில் தந்தார்.

அன்று பின்னேரம் கிருபாவுக்கு "முடிந்தது" என்று மட்டும் அனுப்பினேன். கைகூப்புகிற படம் ஒன்று பதிலாக வந்தது.

இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன். வெக்கையும் தனிமையும் சேர்ந்து மூளையைக் குழப்பிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சிவானி உயிரோடு அந்த வீட்டில் இருக்கிறாள், வேறு ஒரு வழியால் வந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான் என்று. நான் அவளுக்குச் சொன்ன பொய்தான் அதைவிட அதிகமாக உறுத்திக்கொண்டிருந்தது.

நவம்பர் 9, வியாழக்கிழமை, காலை 11.20. வயதான ஒரு அம்மா கடைக்குள் வந்தார். கையில் ஒரு துணிப்பை. வேர்த்துக் களைத்திருந்தார்.

"தம்பி, நீங்கள் தானே சுதாகரன்?"

"ஓம் அம்மா."

"என்ரை பேர் சீதேவி. சிவானியின்ரை தாய். முழங்காவிலிலை இருந்து வாறன்."

எழுந்து நின்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருங்கோ அம்மா. சிவானி இப்ப எப்பிடி? போன மாதம் வீட்டிலை கண்டனான்."

"ஆரைக் கண்டனீங்கள்?"

"சிவானியை. புங்குடுதீவிலை."

அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கதிரையில் இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, வாற இருபத்தாறாம் திகதி அவளின்ரை ஆட்டைத் திவசம். அவள் செத்து ஒரு வருசம்."

மிச்சத்தையும் அவரே சொன்னார், வேறு யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போல. சுவிஸில் கிருபாவுக்கு இன்னொரு குடும்பமும் ஒரு பிள்ளையும் இருப்பது 2022 தையில் சிவானிக்குத் தெரியவந்திருக்கிறது. விசா என்று ஒன்று வந்ததே இல்லை. அவள் தாயிடம் திரும்பிப் போயிருக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. கார்த்திகையில் காய்ச்சல் வந்து, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. கடைசி நாட்களில் கிருபாவுக்கு எத்தனையோ தரம் எடுத்திருக்கிறார்கள். அவன் எடுக்கவில்லை. செத்த பிறகு ஒரு முறை எடுத்தானாம். அழுதானாம். ஊரில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டானாம்.

"திவச அட்டையிலை போட ஒரு நல்ல படம் இல்லை, தம்பி. அடையாள அட்டைப் படம் மட்டும் தான் கிடக்கு. அதிலை அவள் அவள் மாதிரி இல்லை. கல்யாணப் படம் எல்லாம் அந்தக் கொம்பியூட்டரிலை கிடக்கெண்டு சொல்லுவாள். சுதா அண்ணையைக் கேட்டால் எடுத்துத் தருவார் எண்டும் சொல்லுவாள். அது தான் தேடிக்கொண்டு வந்தனான்."

பொய் சொல்லியிருக்கலாம். மெஷின் பழுதாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பார். என்னால் ஏலவில்லை.

"அம்மா, அது எல்லாத்தையும் அழிச்சாச்சு. அழிச்சது நான் தான்."

"அவர் சொல்லியோ?"

"ஓம்."

"திருப்பி எடுக்க ஏலாதோ?"

"ஏலாது, அம்மா."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை.

"அவள் உங்களைக் கூடப்பிறந்த மாதிரி நினைச்சவள்," என்றார். பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பஸ் தரிப்புவரை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அன்று கிருபாவுக்கு முப்பது தரமாவது எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். வாசித்தான். பதில் இல்லை. மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு புங்குடுதீவுக்குப் போனேன். கதிர்காமு கடையில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழும்பினார்.

"அண்ணை, சிவானி செத்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் என்னைத் தனிய விட்டனீங்கள்?"

"கிருபா சொல்ல வேண்டாம் எண்டவர். நானும் பிள்ளைகுட்டிக்காரன். வீட்டுக்காரர் சொன்னால் கேக்கத் தானே வேணும்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "உங்களுக்கு முன்னம் ரெண்டு பேர் வந்தவை, தெரியுமோ?"

"எதுக்கு?"

"அதே வேலைக்குத் தான். ஆனி மாதம். யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு ஆள். பூட்டைத் திறந்தவர். கதவு திறபடேல்லை. உள்ளுக்கை கொண்டி போட்டுக் கிடந்தது. நானும் நிண்டு தள்ளிப் பாத்தனான். ரெண்டு கிழமையாலை இன்னொரு ஆள். அவருக்கும் அப்பிடித் தான். அவர் யன்னலடியிலை போய் நிண்டு காதைக் குடுத்துக் கேட்டவர். உள்ளை குசினியிலை ஆரோ பாத்திரம் எடுக்கினம் எண்டு சொல்லிப்போட்டு ஒரே ஓட்டம். அண்டைக்கே நான் கிருபாவுக்கு எடுத்து எல்லாத்தையும் சொன்னனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"கன நேரம் சத்தமே இல்லை. போன் அறுந்து போச்செண்டு நினைச்சன். பிறகு சொன்னவர், சுதாகரன் போனால் அவள் திறப்பாள் எண்டு."

நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் சுட்டது. எனக்குச் சுடவில்லை.

அது ஆனி மாதம். அவன் என்னிடம் உதவி கேட்டது ஒக்டோபரில். நடுவில் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிருபா எனக்கு எடுத்தான். என் பிள்ளைகளைக் கேட்டான். கடையைக் கேட்டான். பழைய பகிடிகள் சொன்னான். போனை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நான் ஒரு கேள்வி கேட்பேன். சிவானி எங்கே, ஒரு வார்த்தை கதைக்கலாமோ என்று.

நான்கு மாதமும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"அவள் குசினிக்கை நிக்கிறாள், மச்சான்."